மகாராணிக்கு வந்த விடுதலைப் பத்திரம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். முழு நலம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், அம்மாவின் இடது முழங்கால் ஒரு வாரமாக மக்கர் பண்ணுகிறது, என் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் சுற்றியிருக்கிறேன், மற்றபடி மிச்சமுள்ள உறுப்புகள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருந்து வேலை செய்கின்றன. நீயும் அங்கே அப்படியே முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தோம், ஏதோ உயரமான கட்டிடத்தில் லிப்ட் கூண்டின் மேலே ஹெல்மெட்டோடு நின்று சிரிக்கிறாய். லிப்ட் சோதிப்பது உன் வேலை, அதில் நான் தலையிடவில்லை, ஆனால் உள்ளே நிற்க அவ்வளவு இடம் இருக்கும்போது மேலே ஏறி நிற்பானேன் என்று அம்மா கேட்கிறாள். நீ சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த லிப்டில் நீ ஏற வேண்டுமாம், அதுவரை வேறு யாரையாவது ஏறச் சொல்ல வேண்டுமாம். யோசனை அவளுடையது, நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இப்போது தலை போகிற விஷயத்துக்கு வருகிறேன். உன் ஈமெயிலுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதே. அம்மா போனில் உன்னிடம் சொன்னதும் இதைத்தான், ஏன் என்று நீ கேட்டதற்கு "அப்பா எழுதறாரு, வரும்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள், ஏனென்றால் அதற்கு மேல் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று அவளுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி நான் பட்டென்று போனை வைத்தேன் அல்லவா, வாசலில் யாரும் வரவில்லை. அதற்கும் காரணம் இந்தப் படிவம்தான். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், ஆனால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், விஷயம் காற்றில் போய்விடும். நாற்பது வருஷமாக மற்றவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன், என் விஷயத்தையும் எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். டைப் செய்யாமல் கையால் எழுதுகிறேனே என்று பார்க்காதே, ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நடந்தது இதுதான். பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எந்தப் பத்திரமும் அவர்களுடைய இணையதளம் வழியாகத்தான் வர வேண்டுமாம், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பதெல்லாம் இனிக் கிடையாதாம். சரி, நல்லதுதானே என்று வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், அந்த இணையதளம் நம் கம்ப்யூட்டரைப் பார்த்து, உன் வயதுக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி ஒரு செய்தியைக் காட்டி மூடிக்கொண்டது. நீ பதினேழு வயதில் பிடிவாதம் பிடித்து வாங்கியது, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஆன் பண்ணிவிட்டுக் குளிக்கப் போனால் தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் கண் திறக்கும். உன் அறையிலேயே, உன் மேஜையிலேயே வைத்து நான் தினமும் வேலை பார்க்கிறேன், தினமும் முதல் வேலையாக அது "வருக, மகாராணி" என்கிறது. நீ விளையாட்டாகக் கொடுத்த பெயர் அது, நீ படிப்பை முடித்துப் போனதிலிருந்து நான்தான் மகாராணியாக உள்ளே போய்ப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தேதிக்குள் இதைச் சரி பண்ணாவிட்டால் என் தொழில் அம்போ. அதனால் கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச் சொன்னேன், உனக்குத் தெரியும், காதில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பாரே, அவர்தான். பெட்டியைத் திறந்தார், உள்ளே ஊதினார், அறை முழுக்கத் தூசி, அம்மா மூன்று முறை தும்மினாள். மெமரியைக் கூட்டி டிஸ்க்கை மாற்றினால் பெட்டி இன்னும் நாலைந்து வருஷம் ஓடும், ஆனால் உள்ளே இருக்கிற சிஸ்டத்தைப் புதிதாக்க வேண்டும் என்றார். அதற்கு லைசென்ஸ் என்ன மாதிரி வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "அதெல்லாம் எதுக்கு சார், நானே ஒண்ணு போட்டுத் தரேன், ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார். என்னிடம்! போலிப் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்க் கை கழுவுகிற என்னிடம்! அம்மா கொண்டு வந்த டீயை அவர் பாதி குடித்திருந்தார், மிச்சத்தைக் குடிக்க விடாமல் நான் மூல ஆவணத்தின் அவசியம் பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கடைசியில் அவர், "சரி சார், நீங்க பேப்பரைப் படிச்சு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க, நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆகாம இருந்தா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்தேன். நீ எந்தப் படிவம் வந்தாலும் கீழே போய்ச் சம்மதம் என்ற இடத்தைத் தொட்டுவிடுவாய், எல்லோரும் அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. படிக்காமல் சம்மதிப்பதா? நான் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக் கம்பெனியின் லைசென்ஸ் மொத்தத்தையும் அச்செடுத்து வந்தேன், நாற்பத்து மூன்று பக்கம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அம்மாவுக்கு உரக்கப் படித்தேன், அவளும் இந்தக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆடுகிறாள், அவளும் ஒரு பயனாளிதானே. எட்டாவது பக்கத்தில் அவள் கீரை ஆய ஆரம்பித்தாள், பதினைந்தாவது பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், இருபதாவது பக்கத்தில் நான் நிறுத்திப் பார்த்தபோது "கேட்டுட்டுதான் இருக்கேன், படிங்க" என்றாள், கண் திறக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இவ்வளவு நீளமாக எழுதியவனுக்குப் பத்திரம் எழுதவே தெரியவில்லை. சொத்து விவரம் கிடையாது. நான்கெல்லை கிடையாது. சாட்சி கையெழுத்துக்கு இடமே விடவில்லை. எந்தக் கம்ப்யூட்டர், எந்த வீட்டில், எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு வில்லங்கம் வந்தால் யார் பதில் சொல்வது? அதனால் நானே ஒரு தாளில் எழுதி வைத்தேன்: கிழக்கே ஜன்னல், மேற்கே மகளின் துணி அலமாரி, வடக்கே பொதுச் சுவர், தெற்கே மனைவியின் தையல் மெஷின், இவற்றுக்கு உட்பட்ட மரமேஜை மேல் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்று. அம்மா அதைப் படித்துவிட்டு, தையல் மெஷினை ஹாலுக்கு நகர்த்தப் போவதாக மிரட்டினாள், நகர்த்தினால் எல்லைத் தகராறு என்று நான் சொன்னேன், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த லைசென்ஸ் என்பதில் இத்தனை தினுசு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வகை, பெட்டியோடு ஒட்டிக்கொண்டது, பெட்டி செத்தால் அதுவும் சாகும், வேறு பெட்டிக்கு எடுத்துப் போக முடியாது. இன்னொன்று வருஷா வருஷம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டாத அன்றைக்குக் கதவைச் சாத்திவிடுவான், அதாவது அது வாடகை, சொந்தமே இல்லை. ஒரு தடவை கொடுத்தால் எப்போதைக்கும் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் கிரயம் மாதிரி என்று சந்தோஷப்பட்டுப் படித்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது பக்கத்தில் "இது விற்பனை அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே" என்கிறான். பணத்தை வாங்கிக்கொண்டு விற்கவில்லை என்று சொல்கிற தைரியம் நம் ஊர் மனை புரோக்கர்களுக்குக்கூட வந்ததில்லை. அதற்குள் உன் சின்ன மாமாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பிறகு அவனுக்கு இந்த இலவச சாப்ட்வேர் மேல் ஒரு வெறி பிடித்திருக்கிறது, உனக்குத் தெரியும், வீட்டுக்கு வருகிறவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பார்க்கிறான். ஓடி வந்து, "மாமா, எவனுக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க, இது சும்மா, நீங்க யூஸ் பண்ணலாம், பிரிச்சு மேயலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம், கேக்க நாதி இல்ல" என்றான். அந்த லைசென்சையும் அச்செடுத்துப் படித்தேன். மகளே, நான் பார்த்த தானப் பத்திரங்களிலேயே இவ்வளவு தாராளமானது கிடையாது. வாங்குகிறவன் தன் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாமாம், மாற்றியதையும் அதே மாதிரி பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை. எழுதினவர்கள் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அதையே போட்டுக்கொள்வது என்று முடிவு பண்ணினேன், மாமா மூன்று நாள் நம் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கி, கையோடு கொண்டு வந்த தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எனக்குக் காட்டினான், நான்காம் நாள், இணையதளத்தில் கையெழுத்துப் போடப் பதிவு அலுவலகம் கொடுத்திருக்கிற சாதனத்தைச் செருகினால் அது இதில் ஓடாது என்று தெரிந்தது. மாமா அரசாங்கத்தைத் திட்டினான், சாதனத்தைத் திட்டினான், கடைசியில் சோறு குழைந்துவிட்டது என்று அம்மாவைத் திட்டினான், அவள் அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் கடைக்காரர் போனில் ஒரு வழி சொன்னார், பழைய லைசென்ஸ் ஒன்று ஏற்கெனவே இருப்பதால் அதைக் காட்டினால் புதியது பாதி விலைக்குக் கிடைக்கும் என்று. பழையதை எடுத்துப் படித்தேன், அதை வாங்கிய அன்றைக்கே படித்திருக்க வேண்டும், நீ அவசரப்படுத்தியதால் படிக்கவில்லை. முதல் வரியிலேயே, மாணவருக்கானது, படிப்புக்கு மட்டும், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். நீ படிப்பை முடித்துப் போனதிலிருந்து நான் இதில் எத்தனை பத்திரம் அடித்திருப்பேன்? அத்தனையும் ஆக்கிரமிப்பு! ஊரான் நிலத்தில் கொட்டகை போட்டவனைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற நான், உன் படிப்பு லைசென்சில் கடை விரித்திருக்கிறேன். கம்பெனிக்கு நான்கு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதி, குற்றம் நடந்த இடத்தின் நான்கெல்லையும் சேர்த்து, அவர்கள் இணையதளத்தில் உதவிக்கு என்று இருக்கிற கட்டத்தில் போட்டேன். அரை நொடியில் பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்" என்று. நான்கு பக்கத்தை அரை நொடியில் எப்படிப் படிக்க முடியும் என்று கேட்டேன், அதற்கும் நன்றி என்றது. அம்மா ஐந்து நட்சத்திரம் கொடுத்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் நிஜமான ஒரு பெண் போனில் கிடைத்தாள், நல்ல பெண், பொறுமைசாலி, அவளுக்கு நல்லதே நடக்க வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், தொழில் லைசென்சாக மாற்றிக்கொள்ளுங்கள், பாதி விலைக்கே தருகிறோம் என்றாள். பதிவில் இருக்கும் பெயரைக் கேட்டாள். மகாராணி என்றேன். "நீங்களா சார்?" என்றாள். என் மகள் என்றேன். அப்படியானால் மகாராணி என்ற பெயரில் அடையாள அட்டை வேண்டும் என்றாள். உடனே நான், மகாராணி என்பவரும் என் மகள் இன்னாரும் ஒரே நபர்தான், வேறு வேறு நபர்கள் அல்ல என்று ஒரு உறுதிமொழி தயார் பண்ணி, உன் ஐந்தாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் காகிதக் கிரீடத்தோடு நீ நிற்கிற போட்டோவை ஆதாரமாக இணைத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அலுவலகம் முழுக்க அந்தப் போட்டோவைப் பார்த்தார்களாம், அவளே சொன்னாள். எல்லாம் கூடி வந்துவிட்டது என்று நான் இருந்தபோது, கடைசியாக ஒன்று, உங்கள் மகள் தன் உரிமையை உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு ஈமெயிலில் அனுப்பிவிடுகிறோம், முப்பது நாளுக்குள் போட்டால் போதும் என்றாள். சரி, அனுப்புங்கள் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ யோசிக்கவே இல்லை. "எனக்கு அங்க என்னப்பா இருக்கு, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடறேன், ஒரு நிமிஷ வேலை" என்று சிரித்தாய். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் எனக்கும் படிவத்தின் நகல் ஒன்று அனுப்பியிருந்தாள், அந்த நேரம் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மேற்படி உரிமத்தில் எனக்குள்ள எல்லா உரிமையையும் நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி விட்டுக்கொடுக்கிறேன், இனி இந்தச் சாதனத்தில் என் பெயரோ என் கணக்கோ என் கோப்புகளோ இருக்காது என்பதற்குச் சம்மதிக்கிறேன். நாற்பத்து மூன்று பக்கத்தில் பத்திரம் எழுதத் தெரியாதவன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சு அசலாக எழுதியிருக்கிறான். இதற்கு எங்கள் தொழிலில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். கூடப் பிறந்தவர்களுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிறார்களே, அது. நான் அந்த மாதிரி எத்தனையோ எழுதியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், அண்ணனும் தம்பியுமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை, அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள், அவளும் வேறு ஊரில் வசதியாகத்தான் இருந்தாள். வழக்கம்போல நான் படித்துக் காட்டினேன், இனி மேற்படி வீட்டில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் சம்பந்தமும் இல்லை என்ற வரி வந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நான் வந்து போகலாம்ல?" என்று கேட்டாள். நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா, "அதெல்லாம் பத்திரத்துல வராதும்மா" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள், நானும் அடுத்த பத்திரத்தை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சிரித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்து நின்றது, அதனால்தான் வாசலில் ஆள் வந்துவிட்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒரு டப்பாவுக்குப் போய்க் கண்ணு கலங்குவாங்களா, போடச் சொல்லுங்க, பாதி விலை" என்று முதலில் அவள் என்னைத்தான் திட்டினாள். படிவத்தைக் கையில் கொடுத்தேன். நாற்பத்து மூன்று பக்கத்தில் தூங்கினவள் இந்த ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீ கையெழுத்துப் போட்டதும் இங்கே என்ன ஆகும் என்று கேட்டாள். அந்த நிமிஷமே திரையில் மகாராணி போய் என் பெயர் வரும், நீ உள்ளே வைத்திருக்கிற ப்ராஜெக்ட், பாட்டு, தோழிகளோடு எடுத்த கோணல் மாணல் போட்டோ எல்லாம் போய்விடும் என்றேன். அவள் படிவத்தை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "அந்தக் கடைக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான், வேறு விவாதம் இல்லை.

ஆகவே இப்போது நிலவரம் என்னவென்றால், எனக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கியாகிவிட்டது, கடைக்காரர் ஏதோ மூடின ஆபீசில் எடுத்ததாம், பார்க்க நம்முடையதைவிட அசிங்கமாக இருக்கிறது, ஆனால் சுறுசுறுப்பாம். அதற்குப் புது லைசென்ஸ், முழு விலை, என் பெயரில், தொழிலுக்கு, நிரந்தரமாக, வேறு பெட்டிக்கு எடுத்துப் போகலாம் என்ற ஷரத்தோடு. மறுபடி நாற்பத்து மூன்று பக்கம் படித்துவிட்டுத்தான் சம்மதம் என்பதைத் தொட்டேன், கடைக்காரர் அதுவரை உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார், இந்தத் தடவை முழுசாக. நாளைக்கு வந்து ஹாலில் பொருத்தித் தருகிறார், முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, தொழில் தப்பித்தது. உன் கம்ப்யூட்டர் உன் அறையில் உன் மேஜையிலேயே இருக்கும். அதில் இனி நான் ஒரு வரி பத்திரம் அடிக்க மாட்டேன், அதனால்தான் இதைக் கையால் எழுதுகிறேன், கடிதம் எழுதுவது படிப்பில் சேருமா தொழிலில் சேருமா என்று அந்த நல்ல பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் சீட்டாடுவாள். அதற்கு உன் அனுமதி வேண்டும், சீக்கிரம் எழுது, அனுமதி வரும்வரை நான் அவளை ஆடவிடவில்லை, வீட்டில் நிலைமை சரியில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் படிவத்தின் அடியில் விட்டுக்கொடுக்கிறேன், வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதைத் தொடு. படிக்காமல் தொடலாம், உன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அப்பா அதற்கு அனுமதி தருகிறேன். இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே, ஒரு அலமாரி, ஒரு மேஜை, தலை துவட்டும் நேரத்தில் கண் திறக்கும் ஒரு பெட்டி, பின்னே நாங்கள் இரண்டு பேர். எதற்கும் விடுதலைப் பத்திரம் கிடையாது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பேன், உன்னிடமிருந்து ஒன்று எழுதி வாங்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. இரண்டு மாடிக்கு மேல் போனால் கீழே பார்க்காதே. ஹெல்மெட்டின் வாரை இறுக்கிப் போடு, போட்டோவில் அது தொங்குகிறது, அம்மா பெரிசு பண்ணிப் பார்த்தாள். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படி, வம்பெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். நீ ஏறுகிற லிப்ட் எல்லாம் நிற்க வேண்டிய மாடியில் நிற்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் சுயநினைவோடும் பூரண சம்மதத்தோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் வாழ்த்துகிறோம்.

இத்தோடு முடித்து உறையில் போட இருந்தேன். அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கீங்க, எல்லை எழுதியிருக்கீங்க, ஷரத்து எழுதியிருக்கீங்க, மூணு வருஷம் ஆச்சு, புள்ளைய வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், இத்தனை பக்கத்தில் எங்கேயும் இல்லை. அது பத்திரத்தில் வராது என்று ஒரு காலத்தில் சொன்னவன், கடிதத்திலும் விட்டுவிட்டேன்.

வா.

இப்படிக்கு,
உன் அப்பா